மூத்த பிள்ளைகளின் மார்க்

அத்தியாயம் 6

"இன்னிக்குத்தான் கடைசி நாள். சாயந்தரம் அஞ்சு மணிக்குப் பரீட்சை போர்டுல ஜன்னலைச் சாத்திடுவாங்க மேடம். அதுக்கப்புறம் ஆண்டவனே வரிசையில நின்னாலும் மனு வாங்க மாட்டாங்க."

சொன்னவருக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் நாலு பென்சில், காதில் ஒன்று. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. கொண்டுவந்த இரண்டு காகிதங்களை மேசைமேல் வைத்து, பறந்துவிடுமோ என்று உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனைக்கும் மேடத்தின் துப்பறியும் அலுவலகத்தில் ஃபேன் ஓடிப் பத்து நாளாகிறது.

சில்லறை கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்றே கால்.

"அஞ்சே முக்கால் மணி நேரம் இருக்கு. பஸ்ஸா இருந்தா ரெண்டு ட்ரிப் அடிச்சுடலாம்" என்றான்.

பதினெட்டு வருஷம் கண்டக்டராக இருந்தவன் வேறு எப்படிக் கணக்குப் போடுவான்? அந்த நாளில் பயணிகளுக்குச் சில்லறை பாக்கி வைத்திருக்கிறானே தவிர, யாருக்கும் பதில் பாக்கி வைத்ததில்லை. அதனால் விழுந்த பெயர். வேலையை விட்டு மேடத்திடம் சேர்ந்து ஆறு வருஷமாகியும் பெயர் விட்டபாடில்லை, வாயும்தான்.

மேடம் அதற்கு முன்னால் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் க்ளெய்ம் பிடித்துக்கொண்டிருந்தவர். யார் அழுதாலும் முதலில் காகிதத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் முகத்தை. இப்போதும் அப்படித்தான், வந்தவரின் விரல்களுக்கு நடுவே தெரிந்த எண்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு இது?"

"என் பெரிய பொண்ணு மேடம். மெடிக்கல் நுழைவுத் தேர்வு. நிஜப் பரீட்சைக்கு முன்னாடி எங்க கோச்சிங் சென்டர்ல பத்து மாடல் டெஸ்ட் வைப்பாங்க. அந்தப் பத்தையும் வச்சு, நிஜத்துல இவ்வளவு வரும்னு கணிச்சுக் கொடுப்பாங்க. இருநூறுக்கு நூத்தி எண்பத்தி ஒண்ணு வரும்னு போட்டிருக்கு பாருங்க. வந்தது நூத்தி நாலு."

"எவ்வளவு வந்தா சீட்டு?"

"நூத்தி எழுபது."

"எங்க சென்டர்னு சொன்னீங்களே?"

"அங்கதான் வேலை பாக்கறேன். மாடல் டெஸ்ட் விடைத்தாளையெல்லாம் ஸ்கேனர்ல விட்டு மார்க் எடுக்கறது நான்தான். மெஷின்காரர்னுதான் கூப்பிடுவாங்க. அதனால என் ரெண்டு பொண்ணுங்களுக்கும் அங்க இடம் கிடைச்சுது."

மேடம் முதல் தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். "அப்ப பொண்ணுக்கு மாடல் டெஸ்ட்ல நீங்களே கொஞ்சம் ஏத்திப் போட்டிருக்கலாமே?"

மெஷின்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "தாள்ல பேரே இருக்காது மேடம். வெறும் நம்பர். அதுவும் டெஸ்ட்டுக்கு டெஸ்ட் மாறும். எது யாரோட தாள்னு டைரக்டரோட கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். ஒரே ஒரு விடையை நான் மாத்தினதா யாராவது காட்டட்டும், இந்தக் கையை வெட்டிப் போட்டுடறேன்."

"கையை வெட்டிட்டா நாளைக்கு மெஷினை யார் ஓட்டறது? உட்காருங்க" என்று சில்லறை தோளைப் பிடித்து உட்கார வைத்தான்.

"பரீட்சை போர்டுல யாரோ என் பொண்ணு தாளை மாத்திட்டாங்க மேடம். அதை நீங்க கண்டுபிடிக்கணும். மூணு தடவைதான் எழுத விடுவாங்க. இது மூணாவது. முதல் தடவை நூத்தி அறுபத்தாறுன்னு கணிச்சாங்க, தொண்ணூத்தி ஏழு வந்துச்சு. அடுத்த தடவை நூத்தி எழுபத்தி நாலுன்னாங்க, நூத்தி ஒண்ணு. டைரக்டர் பயம்னுட்டார். ஹால்ல போய் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துடுதாம். மூச்சுப் பயிற்சிக்கு அனுப்பினேன். மனசு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ரிசல்ட் வந்து ஒன்பது நாளாச்சு, வாயைத் திறக்கலை. நேத்துதான் ஒரு வார்த்தை பேசினா. 'நான் மக்கா, கோழையா? ரெண்டுல எதுன்னு மட்டும் சொல்லுங்கப்பா'ன்னு கேட்டா." அவர் மூக்கை உறிஞ்சினார். "பெத்த அப்பன்கிட்டக் கேக்கற கேள்வியா மேடம் இது? நான் என்னத்தச் சொல்லுவேன்?"

சில்லறைக்கு வாயில் வந்த கிண்டல் அப்படியே வறண்டுவிட்டது.

மேடம் ரிசல்ட் காகிதத்தைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினார். "படி."

"சரி நூத்தி நாலு. தப்பு ஒன்பது. காலி எண்பத்தேழு."

"வேற யாரோட தாளாவது இருந்தா தப்பு மூட்டை மூட்டையா இருக்கணும். பயமா இருந்தாலும் அப்படித்தான். பயந்தவங்க கண்டதையும் போட்டுட்டு வருவாங்க. இதுல போட்டதெல்லாம் கிட்டத்தட்ட சரி. ஆனா எண்பத்தேழைப் போடவே இல்லை."

"அவ ஒண்ணைக்கூட விடலை மேடம். சத்தியம் பண்றா."

"சத்தியத்தை நான் நம்பறதில்லை. ஆனா இந்த ஒன்பதை நம்பறேன்" என்று மேடம் எழுந்தார். "சில்லறை, செருப்பைப் போடு."

* * *

கோச்சிங் சென்டர் டைரக்டருக்குக் கண்ணாடி அறை. அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு பலகை. மேலே கொட்டை எழுத்தில் 'கணிப்பும் நிஜமும்'. கீழே மூன்று வருஷத்து மாணவர்கள், பக்கத்தில் இரண்டு எண்கள். பெரும்பாலும் கறுப்பு, அங்கங்கே சிவப்பு.

"இருநூத்திப் பத்து பேர். நூத்தித் தொண்ணூத்தாறு பேருக்கு மூணு மார்க்குக்குள்ள சொல்லியிருக்கோம். ஜோசியக்காரன்கூட இவ்வளவு சொல்ல மாட்டான்" என்றார் டைரக்டர்.

"ஜோசியக்காரன் தப்பாச் சொன்னா கிரகத்து மேல பழி போடுவான். நீங்க?" என்றான் சில்லறை.

"பயம். சிவப்புல இருக்கற பதினாலு பேரும் பயந்தாங்கொள்ளிங்க. நாங்க என்ன பண்ண முடியும்? குதிரையைத் தண்ணிக்கிட்டக் கொண்டு போகலாம், குடிக்க வைக்கவா முடியும்?"

மேடம் பலகைக்கு மூக்கை ஒட்டி நின்றார். "பதினாலு பேரும் கீழேதான் விழுந்திருக்காங்க. எறியற கல்லு தப்பினா நாலு பக்கமும் விழணும். ஒரே பள்ளத்துல போய் விழுதே?"

"பயம் ஆளை மேலயா தூக்கும்?"

பலகையின் அடியில் ஒரு வரி இருந்தது. 'ஸ்கேனர் படிக்காமல் தள்ளிய தாள்கள்: பூஜ்யம்.' டைரக்டர் அதையும் சுட்டிக் காட்டிப் பெருமைப்பட்டார்.

"மூணு வருஷமா ஒண்ணுகூடவா தள்ளலை? எங்க டிக்கெட் மெஷின் நாலு ஸ்டாப்புக்கு ஒரு தடவை மக்கர் பண்ணும். நீங்க எந்தக் கடையில வாங்கினீங்கன்னு சொல்லுங்க, டிப்போவுக்குச் சொல்லி விடறேன்" என்றான் சில்லறை. டைரக்டர் சிரிக்கவில்லை. மேடமும் சிரிக்கவில்லை, அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

சிவப்புப் பதினாலையும் குறித்துக்கொண்டு வெளியே வந்ததும் மேடம் அவனிடம் சீட்டைக் கொடுத்தார். வரவேற்பு மேசையில் ஒரு அம்மாள் இருந்தாள். அட்மிஷன் போடுவது, போன் எடுப்பது, அழுகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவள்தான். அந்த மாதிரி ஆட்களிடம் ஊர்க்கதை முழுக்க இருக்கும் என்பது பஸ்ஸில் படித்த பாடம். சில்லறை மேசைமேல் சாய்ந்து, "அக்கா, இந்தப் பதினாலு பேருக்குள்ள என்ன ஒத்துமை? எல்லாரும் குட்டையா? எல்லாரும் கண்ணாடியா?" என்று ஆரம்பித்தான்.

"கண்ணாடியும் இல்லை ஒண்ணும் இல்லை. நல்ல பிள்ளைங்க, பாவம்" என்று அவள் சீட்டைப் பார்த்தாள். "இந்தப் பையனோட தம்பி இப்ப நம்மகிட்டதான் படிக்கறான். இவளுக்கு ரெண்டு தங்கச்சி. இதுக்கப்புறம் இரட்டைத் தம்பிங்க. இவனோட தம்பி போன வருஷமே டாக்டருக்குப் போயிட்டான், இவன்தான் வீட்டுல இருக்கான்."

அவள் விரல் கீழே இறங்க இறங்கச் சில்லறையின் சிரிப்பும் இறங்கியது. பதிமூன்று பேர். பதிமூன்றும் தலைச்சன் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் பின்னால் அதே படிப்புக்கு ஒரு தம்பியோ தங்கையோ.

"பதினாலாவது?"

"அவ ஒத்தைப் பிள்ளை. சித்தி பொண்ணு ஒருத்தி இருக்கா. இவ புத்தகத்தையெல்லாம் அவதான் வந்து அள்ளிட்டுப் போனா."

பின்னால் நின்ற மேடம் மெதுவாகக் கேட்டார். "கறுப்புல இருக்கறவங்கள்ல மூத்தவங்களே இல்லையா?"

"இருக்காங்களே, நிறைய."

"ஆக, மூத்தவங்க எல்லாரும் விழலை. ஆனா விழுந்தவங்க எல்லாரும் மூத்தவங்க."

"பயம் வந்து, 'தம்பி தங்கச்சி இருக்கா'ன்னு விசாரிச்சுட்டா பிடிக்கும்?" என்றான் சில்லறை. அவனும் ஐந்து பேருக்கு மூத்தவன்தான். ஏனோ அந்த நேரத்தில் அது ஞாபகம் வந்தது.

* * *

மெஷின்காரர் வீட்டுக்குப் போகும்போது மணி இரண்டு. மெஷின்காரர் வேலைக்குத் திரும்பியிருந்தார், அன்றைக்கும் அங்கே மாடல் டெஸ்ட். கதவைத் திறந்தது இளையவள். பதினாறு வயது. இரண்டு சட்டைக் கைகளிலும் ரப்பர் தூள்.

கூடத்தில் பயிற்சிப் புத்தகங்கள் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் நாலு குட்டி வட்டம். சரியான வட்டத்தைப் பென்சிலால் நிரப்ப வேண்டும். தரையில் ஒரு புத்தகம் விரித்துக் கிடந்தது, அதன்மேல் ரப்பர்.

"என்னம்மா பண்றே?"

"அக்கா புத்தகத்தை அழிக்கறேன் அங்கிள். அடுத்த வருஷம் எனக்கு வேணுமே. புதுசு கிடைக்காது, சென்டர்ல வீட்டுக்கு ஒரு செட்டுதான் தருவாங்க. அக்கா நல்லவ, எல்லாத்தையும் எனக்காக லேசாத்தான் போட்டு வச்சிருக்கா. ஊதினாலே போயிடும்."

சில்லறை தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"மேடம்" என்றான். "டிப்போவுல ட்ரிப் ஷீட்டு எழுதுவோம், கார்பன் வச்சு மூணு காப்பி. என்னோடது மட்டும் மூணாவது காப்பியில விழவே விழாது. கிளார்க்கு திட்டுவான், 'கையில பலமில்லையாய்யா, சோறு திங்கறியா இல்லியா'ன்னு. நானும் பலமில்லைன்னுதான் நினைச்சேன். சின்ன வயசுல என் நோட்டை அழிச்சுத்தான் தம்பிங்க எழுதுவாங்க. அழுத்தினா அடி விழும். பதினெட்டு வருஷம் கண்டக்டரா இருந்தும் இந்தக் கை அழுத்தப் பழகலை மேடம்."

உள் அறை வாசலில் மூத்தவள் வந்து நின்றிருந்தாள். ஒடிசலான உடம்பு, வாராத தலை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

மேடம் ஒரு புத்தகத்தையும் பென்சிலையும் நீட்டினார். "பத்து வட்டம் போடும்மா."

அவள் போட்டாள். பத்தும் புகை மாதிரி இருந்தன.

"இப்ப அழுத்திப் போடு."

முதல் வட்டம் கறுப்பாக விழுந்தது. இரண்டாவதும். மூன்றாவது கொஞ்சம் வெளுத்தது. ஏழாவது வட்டத்துக்கு வரும்போது மறுபடியும் பழைய புகை. அவளுக்கே அது தெரியவில்லை. பென்சிலை எடுத்த பிறகுதான் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஹால்ல சொன்னாங்களா, நல்லா கறுப்பாக்கினாத்தான் மெஷின் படிக்கும்னு?"

"சொன்னாங்க. மூணு தடவையும் சொன்னாங்க. நான் கறுப்பாத்தான் போடறேன்னு நினைச்சேன்" என்றாள். ஒன்பது நாளாகப் பேசாத குரல் கரகரத்தது. பிறகு செருப்பைத் தேட ஆரம்பித்தாள். "என் தாளை நான் பார்க்கணும். பார்க்க விடுவாங்கல்ல?"

தங்கை அக்காவையே பார்த்துக்கொண்டு, கையிலிருந்த ரப்பரை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

* * *

பரீட்சை போர்டில் பார்வை அறை என்று ஒன்று இருந்தது. ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷம், தாளைக் கண்ணால் பார்க்கலாம், தொடக்கூடாது. டோக்கன் வாங்கி வரிசையில் நின்று, அவர்கள் முறை வரும்போது நாலே கால். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வயதான ஒரு அதிகாரி அம்மாள். தாளை எடுத்து விளக்குக்கு அடியில் வைத்தாள்.

இருநூறு வட்டமும் இருந்தன. ஒன்றுகூடக் காலி இல்லை. பாதிக்கு மேல் நன்றாகத் தெரிந்தன, மற்றவை சாம்பல். கண்ணைச் சுருக்கினால் போதும், எது எங்கே என்று தெரிந்தது.

"இருக்கு!" என்று சில்லறை கத்தியே விட்டான். "எல்லாம் இருக்கு மேடம்! ஜெயிச்சோம்!"

அதிகாரி அம்மாளுக்கும் ஆவல் வந்துவிட்டது. விடைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, உதடு அசைய, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் நிறுத்தவில்லை. முடித்துவிட்டுப் பெண்ணைப் பார்த்தாள்.

"நூத்தி எண்பத்தி நாலு."

கணிப்பு நூற்றி எண்பத்தொன்று. மூணு மார்க்குக்குள். டைரக்டர் பீற்றிக்கொண்டது அத்தனையும் உண்மை. பெண் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். அவள் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. சில்லறைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அப்ப மனுவைக் கொடுங்கம்மா, எழுதிடறோம்" என்றான்.

அதிகாரி அம்மாள் மனுப் படிவத்தை எடுத்தாள். கொடுக்கத் தயங்கினாள். "இதுல மூணு காரணம்தான் சார் இருக்கு. ஒண்ணு, வேற ஒருத்தர் தாள். ரெண்டு, தாள் கிழிஞ்சோ நனைஞ்சோ போயிருக்கு. மூணு, கூட்டல் தப்பு. இது மூணும் இல்லையே."

"நாலாவதா எழுதறோம்."

"எழுத இடமில்லை. இந்தப் படிவத்தையும் மெஷின்தான் படிக்கும். மூணு வட்டத்துல ஒண்ணை நிரப்பணும், அவ்வளவுதான்."

"அட, உங்க கண்ணுக்குத் தெரியுதுல்ல? நீங்களே தானே எண்ணினீங்க?"

"தெரியுது சார். என் கண்ணுக்கு விதியில இடமில்லை." அவள் சத்தமாகச் சொல்லவில்லை. "மெஷின் படிச்சதுதான் முடிவுன்னு போட்டிருக்கு. லேசாப் போட்டது போடாத மாதிரிதான். எனக்கு மேல இருக்கறவருக்கும் அதே விதிதான். அவருக்கு மேல இருக்கறவர் கையெழுத்துப் போட்டதுதான் இந்த விதி."

மேடம் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஒரு கமா இருந்தால் போதும், அதில் கையை விட்டு ஊரையே வெளியே இழுப்பார். சில்லறை அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல் எங்கேயும் நிற்கவில்லை. புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"ஒண்ணும் இல்லை" என்றார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி கொடுக்கத் தயாராக இருக்கிறாள், கை நீளவில்லை. சில்லறை கெஞ்சினான், சண்டை போட்டான், கூட்டல் தப்பு என்றே போட்டுவிடலாம் என்றான். போட்டால் கூட்டிப் பார்ப்பார்கள், நூற்றி நாலு சரியாக வரும், தள்ளிவிடுவார்கள் என்றாள் அதிகாரி அம்மாள். சொல்லும்போது அவளுக்கே கண் கலங்கியது. ஐந்து மணிக்கு மனு வாங்கும் ஜன்னலின் இரும்புத் தட்டி இறங்கியது. பெண் அது முழுக்க இறங்கும் வரை பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

* * *

வெளியே படிக்கட்டில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்தான் பேசினாள்.

"இந்த மெஷினுக்குத் தெரியலை, சரி. எங்க சென்டர் மெஷினுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? இதே கைதானே? மூணு வருஷத்துல முப்பது மாடல் டெஸ்ட் எழுதியிருக்கேன். ஒண்ணுலகூட மார்க் குறையலை."

சில்லறை மேடத்தைப் பார்த்தான். மேடம் பதில் தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தார். பூஜ்யம் என்ற வரியை இரண்டு தடவை படித்தது எதற்கென்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. கூடவே, காதில் ஒரு பென்சிலும் பையில் நாலு பென்சிலும் ஒரு மெஷின் ஓட்டுகிறவருக்கு எதற்கு என்பதும்.

"வேண்டாம் மேடம்" என்றான். "கேஸை இங்கயே விட்டுடலாம். கிணறு வெட்டினோம், பூதம் வந்துடுச்சு. மூடிட்டுப் போயிடலாம்."

"இன்னிக்கும் அங்க டெஸ்ட்டு" என்றார் மேடம். "இந்நேரம் தாளெல்லாம் மெஷினுக்கு வந்திருக்கும்."

பெண் எழுந்துவிட்டாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நூற்றி எண்பத்து நாலு வாங்குகிற தலை அது.

* * *

சென்டரின் பின்பக்கத்து அறை. ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், ஒரு தாள்கட்டு. கதவு திறந்தே இருந்தது. மெஷின்காரர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மெஷின் சரசரவென்று தாள்களை இழுத்துக்கொண்டே போய், 'டக்'கென்று ஒன்றைப் பக்கவாட்டில் துப்பியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதை எடுத்தார். காதிலிருந்து பென்சில் வந்தது. சாம்பல் வட்டங்களின்மேல் ஒவ்வொன்றாகக் கறுப்பேற்றினார். வேகமாக, வட்டத்தை விட்டு ஒரு மயிரிழை வெளியே போகாமல், அழகாக. முடித்துத் திரும்ப மெஷினில் விட்டார். மெஷின் விழுங்கிக்கொண்டது.

"எத்தனை தாள் இப்படித் தள்ளும்?" என்று மேடம் கேட்டார்.

அவர் துள்ளித் திரும்பினார். "மேடம்! தாளைக் கண்டுபிடிச்சுட்டீங்களா? மாத்தியிருக்காங்கதானே?" கேட்டுக்கொண்டே பின்னால் பெண் நிற்பதைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். "வெளியில வந்துட்டியாம்மா!"

"எத்தனை தாள்னு கேட்டேன்."

"இதுவா? ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் நாலு, அஞ்சு. சில பிள்ளைங்களுக்குக் கை லேசு மேடம். தாள் தள்ளினா பெத்தவங்க சண்டைக்கு வருவாங்க, நீ பாத்துக்கோன்னு டைரக்டர் சொல்லிட்டார். விடையில கை வைக்கறதில்லை. அவங்க போட்டதுக்கு மேலயேதான் போடறேன். பிள்ளைங்க பாவம், தெரிஞ்ச விடைக்கு மார்க் போயிடக்கூடாது இல்லையா?"

அவர் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். மெஷின் அடுத்த தாளைத் துப்பியது.

"உன் கை லேசா?" என்று பெண்ணைக் கேட்டார்.

"ஆமாப்பா."

"நீ சொல்லவே இல்லையே."

"எனக்கே இன்னிக்குத்தான்ப்பா தெரியும். யாரும் சொல்லலை. மார்க்தான் வந்துட்டே இருந்துச்சே."

அவருக்கு அது உள்ளே இறங்க நேரம் பிடித்தது. இறங்கியதும் பென்சிலை மேசையில் வைத்தார். உருண்டு கீழே விழுந்தது, எடுக்கவில்லை.

"நம்பர்தானே இருந்துச்சு" என்றார். "உன் பேர் இருந்திருந்தா... இத்தனை பெரிய பரீட்சை நடத்தறாங்க. அங்கயும் என்னை மாதிரி ஒருத்தர் உட்கார்ந்திருப்பார்னு நினைச்சேன்ம்மா. மெஷின்னா தள்ளும், பக்கத்துல ஒரு ஆள் பாத்துப்பார். அப்படித்தானே இருக்கும்னு நினைச்சேன்."

சில்லறை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். திட்டலாம் என்றால் திட்டுவதற்கு அங்கே யாரும் இல்லை. தம்பி தங்கைக்காக லேசாகப் போட்டவர்கள் ஒரு பக்கம், அவர்களுக்காக அழுத்திப் போட்டவர் ஒரு பக்கம். இந்த மாதிரி கேஸை அவன் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

மெஷின்காரர் இன்டர்காமை எடுத்தார். "சார், இன்னிக்கு அஞ்சு தாள் தள்ளுச்சு."

அந்தப் பக்கம் டைரக்டரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "அஞ்சா? என்னய்யா, மெஷின் ரிப்பேரா?"

"இல்ல சார். மெஷின் நல்லாத்தான் இருக்கு. அந்த அஞ்சு பிள்ளைங்களையும் நாளைக்குக் கூப்பிடுங்க. அவங்க கையை நான் பார்க்கணும். நீங்க வேலையை விட்டுத் தூக்கினாலும் சரி, பார்த்துட்டுத்தான் போவேன்."

போனை வைத்துவிட்டு மேடத்திடம் வந்தார். கைகூப்பவில்லை, கெஞ்சவில்லை. ஒரு குழந்தை கேட்பது மாதிரி கேட்டார். "இதையெல்லாம் நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா அவ மார்க்கைத் திருப்பித் தருவாங்களா?"

"தர மாட்டாங்க."

"இன்னொரு தடவை எழுத விடுவாங்களா?"

"விட மாட்டாங்க. விதிப் புத்தகம் முழுக்கப் படிச்சுட்டேன்."

"அப்ப நீங்க எதுக்கு மேடம் கண்டுபிடிச்சீங்க?"

பெண்தான் அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான்தானேப்பா கேட்டேன், மக்கா கோழையான்னு. ரெண்டும் இல்லை. நூத்தி எண்பத்தி நாலு. கண்ணால பார்த்தேன். அந்தம்மா விரலை வச்சு எண்ணினாங்க."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். "அது போதுமாம்மா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த மனுஷனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"போதாதுப்பா" என்றாள். மூன்று வருஷத்தில் அவள் அழுது அப்பா பார்த்தது அன்றைக்குத்தான்.